டேக் போடப் போய்ப் பட்ட பாடு

என் பாட்டுக் கோப்புகளுக்கு டேக் (பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு) போட உட்கார்ந்தேன். மொத்தம் 9,400 பாட்டு. பாதிக்கு மேல் எம்பி3, மீதி ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை). கோப்புப் பெயர்கள் எல்லாம் ‘டிராக் 01’, ‘புதியது 2’ என்ற லட்சணத்தில் இருந்தன. ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. அதில் முதல் மாதம் நானே செய்த குளறுபடியை நானே சரிசெய்வதில் கழிந்தது.

ஒலியை வைத்தே பாட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் ஓடவிட்டதுதான் குளறுபடி. கைரேகை மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஒலிரேகை எடுத்து, இணையத்தில் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிடும். பாட்டு எது என்று அநேகமாகச் சரியாகவே சொல்லிவிடும். ஆனால் அது எந்த ஆல்பத்தின் பிரதி என்பது ரேகைக்குத் தெரியாது. அசல் ஆல்பத்தில் இருக்கும் அதே ஒலிப்பதிவுதானே பின்னால் வந்த பத்துத் தொகுப்புகளிலும் இருக்கிறது? காலையில் எழுந்து பார்த்தால், ஆறு பாட்டு உள்ள ஓர் ஆல்பம் ஐந்து ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளுக்குள் சிதறிக் கிடந்தது. ‘கோப்புகளை நகர்த்து’ என்ற டிக்கை வேறு எடுக்காமல் விட்டிருந்தேன். டேக்கோடு ஃபோல்டர்களும் போயின. சேமித்த பிறகு திரும்பப் பெற வழி இல்லை.

பழைய போனில் சுமார் 7,000 பாட்டு அப்படியே இருந்ததால் பிழைத்தேன். மீதியைக் கையால் தேடிச் சேர்த்தேன். தொடங்கும் முன் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். டேக் எழுதினாலே கோப்பு மாற்றப்பட்ட தேதி மாறிவிடும். எந்தப் பாட்டு எப்போது வந்தது என்ற வரிசையும் அதோடு போய்விடலாம்.

இரண்டாம் முறை முதலில் ஆல்பத்தைத் தேர்ந்து, அதற்குள் பாட்டுகளைப் பொருத்தினேன். மெதுவான வேலை, ஆனால் தகராறு இல்லை. பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறும் ஆல்பங்களில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ டேக்கை மட்டும் மறக்காதீர்கள். அது காலியாக இருந்தால் பல பிளேயர்கள் ஒரே ஆல்பத்தைப் பாடகருக்கு ஒன்றாகப் பிய்த்து வைத்துவிடும்.

சரி, முடிந்தது என்று நினைத்தபோதுதான் பேய் பிடித்தது. வகைப் பட்டியலில் ‘தொகுப்பு’ இரண்டு தடவை வந்தது. ஒன்றில் 212 பாட்டு, இன்னொன்றில் 90. முன்னால் பின்னால் இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வேறு ஃபாண்ட்டில் பார்த்தேன், அச்சு அசல் ஒன்றுதான். இரண்டு நாள் போனது. கடைசியில் இரண்டு சொல்லையும் தனித்தனிக் குறியீடுகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ‘த’வுக்குப் பின்னால் ஒற்றைக் குறியாக ‘ொ’. இன்னொன்றில் முதலில் ‘ெ’, அப்புறம் ‘ா’. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடைக் கேட்டால் இரண்டும் சமம் என்றுதான் சொல்லும். பிளேயர் அப்படிப் பார்ப்பதில்லை, பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டு இரண்டாக்கிவிடுகிறது.

அந்த 90 பாட்டும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். பழைய மேக் ஒன்றில் கோப்புப் பெயரிலிருந்து டேக்கை உருவாக்கியிருந்தேன். எச்எஃப்எஸ் பிளஸ் என்ற அதன் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும்.

பைத்தான் நிரல்மொழியில், டேக்குகளைப் படித்து எழுதும் மியூட்டஜென் என்ற நூலகத்தை வைத்துப் பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, எல்லா டேக்கையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றினேன். ‘ொ’, ‘ோ’ தொல்லை நிமிடங்களில் ஒழிந்தது. ஆனால் ‘ஸ்ரீ’ அசையவில்லை. அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல ஃபாண்ட்டுகளில் இரண்டும் ஒரே உருவம்தான், ஆனால் யூனிகோடு கணக்கில் வேறு வேறு. என்எஃப்சி இதைத் தொடாது. அதே போல ‘ௌ’ குறிக்குப் பதிலாக ‘ெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தையே தட்டி வைத்த புண்ணியவான்களும் உண்டு (அதில் நானும் ஒருவன்). இவற்றுக்கெல்லாம் தனியாகத் தேடி மாற்று என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் ‘ெள’ விஷயத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் நாசமாகும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வெற்றிக் களிப்பில் பென்டிரைவைக் கொண்டுபோய்க் காரில் செருகினேன். ஒரு பாட்டுக்கும் பெயர் இல்லை. மியூட்டஜென் ஒன்றும் சொல்லாவிட்டால் ஐடி3 என்ற எம்பி3 டேக் முறையின் 2.4 பதிப்பில்தான் எழுதும். அது 2000-இலேயே வந்த பதிப்புதான், ஆனால் என் கார் பிளேயருக்கு 2.3 மட்டும்தான் தெரியும். சரி என்று 2.3 எனக் குறிப்பிட்டு மறுபடி ஓட்டினேன். பெயர்கள் வந்தன, ஆண்டு காணாமல் போனது! 2.3-இல் ஆண்டுக்கு வேறு ஃபிரேம் (விவரம் இருக்கும் கட்டம்), 2.4-இல் வேறு ஃபிரேம். சேமிக்கும் முன் டேக்குகளை 2.3-க்கு மாற்றச் சொல்லும் ஒரு வரியை நான் விட்டிருந்தேன். நல்லவேளை, இந்தத் தடவை நகல் இருந்தது. ஃபிளாக் கோப்புகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அவற்றில் ஐடி3 இல்லை, வோர்பிஸ் என்ற வேறு டேக் முறைதான்.

இன்னும் 140 பாட்டு ‘அப்புறம்’ என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன. பாடியது யார், எந்த ஆல்பம், ஒன்றும் தெரியவில்லை. ஒலிரேகைக்கும் தெரியவில்லை. கிடக்கட்டும். தேடும் பெட்டியில் ‘ஸ்ரீ’ என்று அடித்தால் 39 பாட்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. நேற்று மட்டும் நாலைந்து தடவை சும்மாவே அடித்துப் பார்த்தேன்.