பீப் சத்தம் வந்தாலே ஷார்ட் ஆகிவிடாது

சார்ஜர் செருகியும் லேப்டாப் போர்டு அசையவில்லையா? முதல் சந்தேகம் ஷார்ட் ஆன செராமிக் கெப்பாசிட்டர் மேல்தான் விழ வேண்டும். அதற்காக மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து, சத்தம் வந்த காயிலையெல்லாம் (மின் லைன்களில் இருக்கும் கம்பிச்சுருள்) ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல போர்டிலேயே சிபியு கோர் லைன் (சிபியுவுக்கு மின்சாரம் தரும் பாதை) ஒரு ஓம் அளவுக்குக் குறைவாகக் காட்டும். அதே ஒரு ஓம், சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட் மெயின் லைனில் வந்தால் ஷார்ட்தான். எனவே ஓம் மோடில் அளந்து பாருங்கள். புரோபுகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

அடுத்து வோல்டேஜ் இன்ஜெக்‌ஷன். அதாவது ஷார்ட் ஆன லைனில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, எது சூடாகிறது என்று பார்ப்பது. அதற்கு முன், 19 வோல்ட் லைனுக்கும் ஒவ்வொரு காயிலுக்கும் நடுவே அளந்தே ஆக வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்தக் காயிலின் மேல்பக்க மாஸ்ஃபெட் (19 வோல்ட்டைக் காயிலுக்குத் திறந்து மூடும் சுவிட்ச்) ஷார்ட். நீங்கள் கொடுக்கும் மின்சாரம் காயில் வழியாக நேரே சிபியுவுக்குப் போகும். நல்ல சிபியு பல இந்த ஒரு அளவை எடுக்காததால்தான் சாகின்றன.

சிபியுவுக்குப் போகும் அந்த வழி அடைபட்டிருப்பது உறுதியானால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையை 1 வோல்ட், 2 ஆம்பியர் வரம்பில் வைத்து லைனில் கொடுங்கள். போர்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெலிதாகத் தடவினால், சூடாகும் கெப்பாசிட்டரைச் சுற்றி மட்டும் வட்டமாகக் காயும். காயவில்லையென்றால் ஆம்பியரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். லைனின் சொந்த வோல்டேஜை ஒருபோதும் தாண்ட வேண்டாம்.

கெப்பாசிட்டரைக் கழற்றும்போது கிரவுண்ட் பக்கம்தான் அடம்பிடிக்கும், உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டை இழுத்துவிடும். ஈயமில்லா சால்டர் 217 டிகிரி வாக்கில்தான் உருகத் தொடங்கும். ஃபிளக்ஸ் (சால்டர் எளிதாக ஓட உதவும் பசை) போட்டு, ஈயம் கலந்த சால்டரைக் கொஞ்சம் சேர்த்து, அடியிலிருந்து போர்டைச் சூடேற்றிக்கொண்டு ஹாட் ஏர் காட்டினால் பேடு (போர்டில் சால்டர் ஒட்டும் செம்புப் பட்டை) பிய்யாமல் வரும். எடுத்ததும் மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் இன்னொன்றும் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

போர்டில் இருக்கும் இந்தச் சின்ன செராமிக் கெப்பாசிட்டரின் மேல் பொதுவாக எண் எதுவும் இருக்காது. மதிப்பை ஸ்கீமாட்டிக்கிலோ (சர்க்யூட் வரைபடம்), பாகங்கள் எடுக்க வைத்திருக்கும் அதே மாடல் டோனர் போர்டிலோதான் பார்க்க வேண்டும். 19 வோல்ட் லைனுக்கு 25 வோல்ட் ரேட்டிங்காவது தேவை. வோல்டேஜ் ஏற ஏற இவற்றின் கெப்பாசிட்டன்ஸ் நிஜமாகவே குறையும் என்பதால், இடம் இருந்தால் 35 வோல்ட்டே போடுவேன்.

ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர் என்றால் போர்டு வளைந்ததில் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் தப்பான நீள ஸ்க்ரூ இருக்கிறதா, அடியில் போர்டைத் தாங்கும் ஸ்டாண்டு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். இல்லையென்றால் புதிதாகப் போட்டதும் அதேபோல் விரியும்.