மேகங்களுக்கு எதிர்த்திசையில் சென்ற ஒளிப்புள்ளி: எங்கள் குழுவின் ஆய்வுக் குறிப்புகள்

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வானத்தில் விளங்காத எதையேனும் கண்டதாகச் சொல்பவர்களை நேரில் சந்தித்து, அவர்கள் கண்டது என்னவாக இருக்கலாம் என்று ஆராய்வது எங்கள் குழுவின் வேலை. ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர், வானொலிக் கருவிகளைத் தாமே செய்து பழகிய நண்பர் ஒருவர், நான் என்று சிலரே இதில் இருக்கிறோம். வேற்றுக்கோள் உயிர்கள் பூமிக்கு வந்து போகின்றனவா என்ற கேள்வியில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அது தேவைப்படவும் இல்லை. கண்டவரிடம் அது என்னவாக இருக்கும் என்று முதலில் கேட்கக் கூடாது, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் என்றே கேட்க வேண்டும் என்பதில் அனைவரும் உறுதியாக இருக்கிறோம்.

இந்த உறுதிக்குக் காரணம் உண்டு. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 தகவல்களில் 701 மட்டுமே கடைசிவரை அடையாளம் காணப்படாமல் நின்றன. மற்றவை கோள்கள், விமானங்கள், பலூன்கள் போன்றவையாகத் தீர்ந்துபோயின. நம் நாட்டிலும் லடாக் எல்லையில் காவலிருந்த படையினர், அயல்நாட்டு உளவு விமானங்கள் என்று ஐயுற்று மாதக்கணக்கில் குறிப்பெடுத்து வந்த இரண்டு ஒளிகள், வெள்ளியும் வியாழனும்தான் என்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் கண்டறிந்த செய்தி 2013இல் வெளியானது. அந்தப் படையினரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நேரத்தையும் திசையையும் அவர்கள் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால்தான் அந்த விடை கிடைத்தது.

சென்னை வானம் இந்த வேலைக்கு எளிதானதன்று. வங்கக் கடலின் மேலிருந்து மீனம்பாக்கம் நோக்கி இறங்கும் விமானம், கரையில் நிற்பவருக்கு நேர் எதிரே வருவதால், அதன் முன்விளக்கு பல நிமிடங்கள் அசையாமல் அந்தரத்தில் நிற்பதாகவே தோன்றும். ஸ்ரீஹரிகோட்டா வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று இரவு 10 மணிக்கு பிஎஸ்எல்வி சி-60 கிளம்பியது போன்ற இரவு ஏவுதல்கள், அறிவிப்பைப் பார்க்காதவருக்குப் பெரும் திகைப்பைத் தரும். கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருமண விழாக்களில் பறக்கவிடப்படும் காகித விளக்குகள், பொதுக்கூட்டங்களில் மெல்லிய ஒளிக்கற்றையை மேகத்தின்மேல் வட்டமிட வைக்கும் ஷார்பி விளக்குகள், வரிசையாகச் செல்லும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஆகியவை எங்களுக்கு வரும் தகவல்களில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகின்றன. அவற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை.

விரிவாக எழுத வேண்டியது ஜூலை மாதத்துத் தகவல் ஒன்றைத்தான். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர், மாலை 6 மணியை ஒட்டி, வெள்ளையாக ஒளிர்ந்த புள்ளி ஒன்று தலைக்கு மேலாக ஓசையின்றி நகர்வதைக் கண்டு, மகனை அழைத்துக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். நாங்கள் சென்று கேட்டபோது அவர் சொன்னது இது: “மேகமெல்லாம் கடலப் பாத்துப் போவுது சார், அது மட்டும் ஊரப் பாத்துப் போவுது. காத்துல போற பொருள்னா அப்டிப் போவாது.” காற்றையும் மேகத்தையும் பார்த்தே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஒருவரின் சொல் இது. பலூனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சென்றிருந்த எங்களை அந்த ஒரு வாக்கியம் நிறுத்தி வைத்தது. பதிவைப் பார்த்தால், அவர் சொன்னபடியே தாழ்ந்த மேகங்கள் கிழக்கே நகர, புள்ளி மேற்கே சென்றது.

அதே மாலையில் போரூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து வேறொருவர் எடுத்த பதிவும் எங்களுக்குக் கிடைத்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர். ஒரே பொருளை இவ்வளவு தள்ளியுள்ள இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கண்டிருந்தால் அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இத்தகைய வாய்ப்பு அரிதாகவே அமையும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் முதலிய விவரங்கள் அழிந்துவிடும் என்பதால், இருவரிடமும் மூலக் கோப்பையே பெற்றோம். பிறகு அதே இடங்களில் அதே கைபேசிகளை அதே கோணத்தில் நிறுத்தி, பதிவில் தெரிந்த கட்டட விளிம்புகளை அடையாளமாகக் கொண்டு, இரவில் விண்மீன்களைப் படமெடுத்தோம். விண்மீன்களின் இருப்பிடம் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் துல்லியமாகக் கிடைக்கும் என்பதால், படத்தின் எந்தப் புள்ளி வானத்தில் எத்தனை டிகிரி என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம். அளவையர் ஐயா இதில் மட்டும் நிறைவடையாமல், கட்டட விளிம்புகளின் கோணங்களைத் தம் தியோடலைட்டால் தனியாக அளந்து சரிபார்த்தார். அவர் அளக்கும்போது உடனிருப்பதே எனக்கு ஒரு படிப்பு.

விடை தெளிவாக வந்தது. இரண்டு இடங்களிலிருந்தும் பொருள் 65 டிகிரியை ஒட்டிய உயரத்தில், ஒன்றிலிருந்து மேற்கிலும் மற்றொன்றிலிருந்து கிழக்கிலும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அது கிண்டிப் பகுதிக்கு மேலே, சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் மிதந்த காகித விளக்காக இருந்திருந்தால் போரூரிலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானத்தை ஒட்டியே தெரிந்திருக்கும். செயற்கைக்கோளாக இருந்திருந்தால் இரண்டு இடங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே திசையில் தெரிந்திருக்கும். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில்தான் செல்கின்றன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் விமானம் எதுவும் இல்லை என்பதை விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் வானொலி அலைகளைப் பெறும் நண்பரின் 1090 மெகாஹெர்ட்ஸ் ஏற்பியின் பதிவும் காட்டியது.

இத்தனை உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், ஓசையின்றி மேற்கே செல்வது எது? உலகெங்கும் வானிலை நிலையங்கள் நாளுக்கு இருமுறை, இந்திய நேரப்படி காலையும் மாலையும் 5.30 மணிக்கான மேல்வளிமண்டல அளவீட்டுக்காக, சற்று முன்னதாகவே பலூன்களைப் பறக்கவிடுகின்றன. மீனம்பாக்கமும் அவற்றில் ஒன்று. அந்த இரப்பர் பலூன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் ஏறி, மேலே செல்லச் செல்ல விரிந்து, 30 கிலோமீட்டரை ஒட்டி வெடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயணத்தில் 14 கிலோமீட்டர் என்பது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. ஆனால் மீனவர் எழுப்பிய கேள்வி அப்படியே இருந்தது.

அதற்கு விடை காற்றின் அடுக்குகளில் இருந்தது. தென்மேற்குப் பருவக்காலத்தில் சென்னைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரம்வரை மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. மேகங்களை அதுவே கடல் நோக்கித் தள்ளுகிறது. அதற்கும் மேலே காற்று படிப்படியாகத் திசை திரும்பி, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மிகுந்த வேகத்தோடு வீசுகிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1950களில் விவரித்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் இதுதான். வயோமிங் பல்கலைக்கழகம் இணையத்தில் வெளியிடும் மீனம்பாக்கத்தின் அன்றைய மாலைத் தரவைப் பார்த்தபோது, கீழே மேற்குக் காற்றும் மேலே வலுத்த கிழக்குக் காற்றும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பலூன் முதலில் கடலோரமாகச் சென்று, பின் திரும்பி நகரத்தின் மேலாக உள்நாடு நோக்கிப் போயிருக்கிறது. மீனவர் கண்டதில் பிழை ஏதும் இல்லை. அவருடைய வாக்கியம் இல்லாவிட்டால் நாங்கள் இந்தத் தரவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். தரவை அச்செடுத்துக் கொண்டுபோய் அவரிடம் காட்டியபோது, உயரத்துக்கு ஏற்பக் காற்றின் திசை மாறும் வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் கேட்டுக்கொண்டார்.

ஒளிர்வைப் பதிவதிலும் இப்போது கவனம் கூடியிருக்கிறது. “ரொம்பப் பிரகாசம்” என்ற சொல்லை வைத்து எதுவும் செய்ய இயலாது என்பதால், வெள்ளியை விடவா, சிரியஸ் விண்மீனை விடவா என்று ஒப்பிட்டுக் கேட்கிறோம். ஐந்து படிகள் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்ற ஒளிர்வு அளவுகோலை 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான்நோக்ககத்தில்தான் பணியாற்றினார் என்பதை நினைக்கும்போது, இந்த ஊரில் இந்த வேலையைச் செய்வது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தருகிறது.

எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தகவல் மட்டும் தீரவில்லை. செந்நிற ஒளி ஒன்று கடலுக்கு மேலே தோன்றி மறைந்ததாகச் சொல்லும் அதில் பார்த்தவர் ஒருவரே. படம் இருந்தும், இரண்டாவது கோணம் இல்லை. கேமராவின் கண்ணாடி வில்லைக்குள் ஏற்படும் எதிரொளிப்பாக இருந்தால், படத்தின் நடுப்புள்ளிக்கு மறுபுறம் அதே தொலைவில் வலுவான விளக்கொன்று இருக்க வேண்டும். அப்படி எதுவும் அதில் இல்லை. கப்பல்களின் நகர்வுப் பதிவை மாணவி பார்த்து வருகிறார். அது முடியும்வரை இதை ‘அடையாளம் காணப்படாதது’ என்ற பிரிவிலேயே வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் நண்பர், வானிலைப் பலூன்களின் கருவிகள் 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அனுப்பும் குறிப்புகளைத் தாமே பெறுவதற்கு வேளச்சேரியில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா அமைத்து வருகிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வானம் மூடிக்கொள்வதற்குள் அது வேலை செய்யத் தொடங்கினால், அடுத்த முறை பலூனின் பாதையைக் கணக்கிட்டு ஊகிக்காமல், அது ஏறும்போதே வரைபடத்தில் குறித்துக்கொள்ள முடியும்.