வீட்டு ஜிம்: முதலில் டேப், அப்புறம் இரும்பு

கடைக்குப் போவதற்கு முன் அறையை அளந்துவிடுங்கள். இருபுறமும் எடைத் தட்டு மாட்டித் தூக்கும் முழு நீள ஒலிம்பிக் ராடு 2.2 மீட்டர், அதாவது ஏழே கால் அடி. தட்டு மாட்ட இருபுறமும் இரண்டு அடியாவது வேண்டும். ஆக, 10-க்கு 10 அடி அறையில் ராடு நுழையும், நீங்கள்தான் நுழைய முடியாது. உயரத்தையும் மறக்காதீர்கள். அஞ்சே முக்கால் அடி ஆள் ராடைத் தலைக்கு மேல் தூக்கினால் பெரிய தட்டின் மேல் விளிம்பு ஏறக்குறைய 8 அடிக்கு வந்துவிடும். பத்தடி சீலிங்கில் ஃபேன் இறக்கை அதற்குச் சற்று மேலேதான் சுற்றுகிறது. சேலத்து மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் முடியாது, அதனால் சுவர் ஃபேனுக்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது தட்டின் ஓட்டை. பலர் இதைக் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். மலிவான செட்டுகளில் ஓட்டை 28 மி.மீ. அல்லது 30 மி.மீ. இருக்கும், ஒலிம்பிக் ராடுக்கு 50 மி.மீ. வேண்டும். இன்று சின்ன ஓட்டையில் 40 கிலோ தட்டு வாங்கி, நாளை நல்ல ராடுக்கு மாறினால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான். தொடர்ந்து செய்யப் போகிறவர் முதலிலேயே 50 மி.மீ. எடுப்பதுதான் சிக்கனம். 20 கிலோ ராடு, அதோடு 20, 10, 5, 2.5, 1.25 கிலோ தட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி: மொத்தம் 97.5 கிலோ. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் இது போதும். 1.25 ஜோடியை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த சின்ன ஏற்றம் 2.5 ஜோடி, அதாவது 5 கிலோ; தோள் பயிற்சியில் ஒரே தாவாக அவ்வளவு ஏற்ற முடியாது.

செட்டுகளில் வரும் பிவிசி தட்டுக்குள் இருப்பது சிமெண்ட் கலவை. அதே எடைக்கு இரும்பைவிடத் தடிமன் அதிகம், அதனால் ராடின் முனை சீக்கிரம் நிரம்பிவிடும். மொட்டை மாடி வெயிலில் மேல்தோல் வெடித்து உள்ளிருப்பது கொட்டும். வார்ப்பிரும்பே வாங்குங்கள். தட்டில் 10 என்று எழுதியிருந்தாலும் சில நூறு கிராம் கூடக் குறைய இருக்கும். கடையிலேயே தராசில் போட்டு ஒத்த எடையுள்ளதை ஜோடி சேருங்கள்.

சேலம் எவர்சில்வர் ஊராயிற்றே, லேத்தில் 304 ரக எவர்சில்வர் கம்பி கடைந்து ராடு செய்துகொள்ளலாமே என்று இங்கே பலர் கேட்கிறார்கள். துரு பிடிக்காதுதான். ஆனால் 28 மி.மீ. 304 கம்பி, மொத்த எடை 100 கிலோவை நெருங்கி ஸ்குவாட்டில், அதாவது ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, வளைந்தால் மறுபடி நிமிராது. ராடுக்கு வேண்டியது வளைந்து நிமிரும் கடினமான அலாய் ஸ்டீல். ராடை மட்டும் கடையில் வாங்குங்கள்.

ராடைத் தாங்கி நிற்கும் ஸ்குவாட் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் தாராளமாகச் செய்யலாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிற கைகளுக்கு இது விளையாட்டு. 50-க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 3 மி.மீ., இரு தூண்களின் வெளி அகலம் 120 செ.மீ. இந்த அகலத்தில் 5 அடி ராடு உட்காராது என்பதையும் நினைவில் வையுங்கள். ராடு நழுவினால் தாங்கும் இரண்டு குறுக்குக் கைகளைப் பட்டறைக்காரர் தேவையில்லை என்பார். கண்டிப்பாகப் போடச் சொல்லுங்கள். மூட்டுகளில் டாக் என்னும் சின்னப் பொட்டு வைத்ததோடு விடாமல் சுற்றிலும் முழு வெல்டிங் வேண்டும். தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் கம்பியை ஹாலோ பிளாக் சுவரில் மாட்டாதீர்கள், போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். கான்கிரீட் பீமில் துளை போடுங்கள்.

மொட்டை மாடியில் வைப்பதானால் கணக்கு பாருங்கள். ஆள் ஏறும் கூரைக்கு இந்தியத் தரக் குறியீடு வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், சுமார் 150 கிலோ. ஸ்டாண்டைத் தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் ஓரமாக வையுங்கள், எடையைக் கீழே போடாதீர்கள். டைல்ஸ் தரையானால் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடம் முதலில் உடையும். 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 15 மி.மீ. ரப்பர் போடுங்கள். யோகா பாயெல்லாம் இதற்கு ஆகாது.

ட்ரெட்மில் வாங்கியே தீருவேன் என்றால் மோட்டார் சற்று நேரம் மட்டும் எட்டும் பீக் ஹெச்பியைப் பார்க்காமல், தொடர்ந்து தரும் கன்டினியூஸ் ஹெச்பியைக் கேளுங்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுங்கள். ஏற்காட்டில் இருப்பவருக்கு அது எதற்கு என்றுதான் தோன்றுகிறது, வாசலைத் தாண்டினாலே ஏற்றம்.

ஏற்காட்டில் உண்மையான பகை ஈரம். மூடுபனி ஜன்னல் வழியே வந்து இரும்பில் படியும். கறுப்பு ஆக்சைடு பூசிய ராடு அங்கே சீக்கிரம் துருவேறும்; ஹார்டு குரோம் தாங்கும். தட்டை ராடிலேயே விட்டுவிட்டால் இரண்டும் தொடும் இடத்தில்தான் துரு தொடங்கும், கழற்றி நிறுத்துங்கள். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடர் பிடியின் வரிகளில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: சிக்குப் பிடித்துத் தூசி ஒட்டும்.