எண்ணெய் மண்ணும் மாட்டெருவும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜின் பின்வளவில் மூன்று மாதம் மண் கிளறினேன். சுற்றாடல் விஞ்ஞானம் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. டீசலும் கழிவு ஒயிலும் வருடக்கணக்காகச் சிந்தி, செம்மண் கறுத்துப்போய், மிதித்தால் செருப்பில் பிசின்போல ஒட்டியது. எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களைக் கொண்டு அதைச் சுத்தமாக்க வேண்டும்.

"உந்தப் பூச்சியளை எந்தக் கடையில வாங்குவியள், தம்பி?" என்று கராஜ் ஐயா கேட்டார்.

"வாங்கத் தேவையில்லை ஐயா, உங்கட மண்ணுக்குள்ளயே இருக்குது."

அவர் நம்பவில்லை. சூடோமோனாஸ், ரொடோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் எண்ணெய் சிந்திய மண்ணில் தாமாகவே பெருகும். எண்ணெயில் உள்ள காபன்தான் அவற்றுக்குச் சோறு. ஆனால் கறியில்லாத சோற்றை எத்தனை நாள் தின்பது? நைதரசனும் பொசுபரசும்தான் கறி. நூறு பங்கு காபனுக்குப் பத்துப் பங்கு நைதரசன், ஒரு பங்கு பொசுபரசு என்பது பொதுவான கணக்கு. 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் கரையொதுங்கியபோதும் பசளை தெளித்துத்தான் அங்கிருந்த பற்றீரியாக்களை ஊக்கினார்கள். எங்களுக்கு யூரியாவும் மாட்டெருவும் போதுமாக இருந்தன.

தடித்த பொலித்தீனை விரித்து, தோண்டிய மண்ணை அதில் பரப்பி, நீர் தெளித்து, மண்வெட்டியால் புரட்டுவதுதான் வேலை. இதற்கா பட்டம் படித்தாய் என்று அம்மா கேட்டது வேறு கதை.

பிழையும் விட்டேன். மழைக்குப் பயந்து தறப்பாளால் இறுக்கி மூடி, ஒரு கிழமை திறக்காமல் விட்டுவிட்டேன். திறந்தபோது கூழ்முட்டை நாற்றம். ஒட்சிசன் இல்லாமல் எண்ணெய் தின்னும் கூட்டம் சோர்ந்துபோக, வேறொரு கூட்டம் இடத்தைப் பிடித்துவிட்டது. அப்புறம் இரண்டு நாளுக்கொருமுறை புரட்டினேன். மெல்ல மெல்ல டீசல் வாசம் குறைந்தது.

எனக்குப் பெரிய பயம் பக்கத்திலிருந்த கிணறுதான். எங்கள் மண் ஆழமில்லாதது. அடியில் வெடிப்பும் துவாரமுமாகச் சுண்ணாம்புக்கல். எண்ணெய் அதற்குள் இறங்கினால் எந்த மண்வெட்டி எட்டும்? எங்கள் குடாநாட்டிலேயே, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ட பிறகு இந்தப் பயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசி நாள் ஐயா ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். "இது பரவாயில்லை. அந்த மூலையில கிடக்கிறது இன்னும் மணக்குது, தம்பி."

அது பழைய கழிவு ஒயில் ஊறிய மூலை. டீசலின் நேர்ச் சங்கிலிகளைப் பற்றீரியாக்கள் முதலில் முடித்துவிடும். வளையம் வளையமாகப் பின்னிய மூலக்கூறுகளுக்குக் காலம் எடுக்கும். இன்னும் இரண்டு மூட்டை எரு கேட்டேன். ஐயா பெருமூச்சுவிட்டு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை எடுத்தார்.