வேட்டைத் தேர்வில் தோட்டாக் கேள்வி: முதலில் மில்லிமீட்டர், அப்புறம்தான் ஜூல்

ஜெர்மன் வேட்டை உரிமத் தேர்வில் பாஸ். சுடுதல், எழுத்து, வாய்மொழி மூன்றும் ஒரே மூச்சில் முடிந்தன. விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். திரும்பிப் போனால் ஆய்வுக்கட்டுரை கழுத்தைப் பிடிக்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து வனவியல் படிக்க அங்கே போகிற தம்பி தங்கைகளுக்காக இது.

விலங்குகள், நாய்கள், இறைச்சிச் சுகாதாரம் எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். நம்மவர்கள் திணறுவது ஆயுதப் பாடத்தில், அதிலும் தோட்டாத் தேர்வில். கூட எழுதுகிறவர்களில் பலர் சின்ன வயதிலேயே அப்பாவோடு காட்டுக்குப் போனவர்கள். நமக்கு அந்தக் கதை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்தது.

நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி வகுப்பில் தோட்டாப் பெயர்களை நீளப் பட்டியலாகக் கொடுத்து உருப்போடச் சொன்னார்கள். அந்தக் காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எனக்கு உருப்போடுவது ஏறாது, பார்த்தால்தான் ஏறும். அதனால் தோட்டாப் பெட்டிகளின் பக்கவாட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அதுதான் படிப்பு.

அந்தச் சின்ன அட்டவணையிலேயே பாதிப் பாடம் இருக்கிறது: குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) எடை கிராமில், 100 மீட்டரில் வேகம், 100 மீட்டரில் ஆற்றல், எந்தத் தூரத்துக்குத் துப்பாக்கியைச் சரிசெய்தால் நல்லது என்ற அளவு. சட்டம் கேட்பதும் 100 மீட்டர் ஆற்றலைத்தான், குழல் முனை ஆற்றலை அல்ல. ரோ மான் என்ற சிறிய ஐரோப்பிய மானுக்கு 1000 ஜூல் போதும். சிவப்பு மான், காட்டுப்பன்றி போன்ற மற்ற குளம்பு விலங்குகளுக்கு 2000 ஜூல், கூடவே குண்டின் விட்டம் குறைந்தது 6.5 மி.மீ. இருந்தாக வேண்டும்.

அந்த “கூடவே”யில்தான் பலர் விழுகிறார்கள். .243 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் 2000 ஜூலைத் தாண்டியே போட்டிருக்கும். ஆனால் குண்டு 6.2 மி.மீ. தான். பன்றிக்குக் கூடாது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சில தோட்டாக்களை மேசையில் பரப்பி, பன்றிக்கு ஆகாததை எடுக்கச் சொன்னார். பக்கத்து ஆள் இன்னும் சிறிய .223-ஐ மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினார். நான் .243-ஐயும் நகர்த்தினேன். தேர்வாளர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் அடுத்த கேள்வி சுலபமாக வந்தது.

ஆகவே எந்தத் தோட்டாவைக் காட்டினாலும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மில்லிமீட்டர். அப்புறம் ஜூல். அப்புறம் அடியில் விளிம்பு உண்டா என்று பார்ப்பது; பெயரில் ‘ஆர்’ இருந்தால் குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கிக்கானது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “ஏம்ப்பா, மானுக்கு ஜூல் கணக்கு தெரியுமா? அது எங்க நிக்குது, பின்னாடி என்ன இருக்குன்னு பாரு.” பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லாமல் சுடக்கூடாது என்பது அந்தத் தேர்வின் அடிப்படை விதியும்கூட. ரைஃபிள் குண்டின் ஆபத்து எல்லை 5 கிலோமீட்டர் வரை. மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் விலங்கைச் சுட ஒப்புக்கொண்டால் தேர்வு அங்கேயே முடிந்தது.

தூரச் சூட்டில் நம் ஊர் கைகொடுத்தது. எதிர்ச் சரிவுத் தேயிலையைப் பார்த்துத் தூரத்தை ஊகிப்பது, பிறகு கோல்ஃப் ஆடும் நண்பனின் தூரமானியால் சரிபார்ப்பது. மூடுபனி லேசாக இருந்தால் எல்லாமே தள்ளி இருப்பதாகத் தோன்றும். சரிவில் இன்னொன்று: 30 டிகிரி சாய்வில் 200 மீட்டர் என்றால் குண்டு விழுவதற்கான கணக்கு சுமார் 173 மீட்டருக்குத்தான். மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் அப்படியே. மலை ஆடு பற்றிய கேள்விக்கு இதைச் சொல்லிவிட்டு, 7×64 மாதிரித் தோட்டாவை 100 மீட்டரில் குறியைவிட 4 செ.மீ. உயரத்தில் படும்படி சரிசெய்திருந்தால் நேராகவே குறி வைக்கலாம் என்றேன். எந்தத் தோட்டா சிறந்தது என்று கேட்டால் பெயரைச் சொல்லாதீர்கள். எந்த விலங்கு, எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேளுங்கள். தூரத்துக்கு நீண்ட, ஒல்லியான குண்டு நல்லது. வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும், காற்றுக்கும் குறைவாக விலகும். ஆனால் அடிக்க முடிகிற தூரத்தைவிட அடிக்கத் தகுந்த தூரம் குறைவு என்பதே அவர்கள் எதிர்பார்க்கும் பதில்.

மிச்சம், வேகமாக:

- .30-06-இல் 06 என்பது 1906-ஆம் ஆண்டு.
- 7×64-இல் 64 என்பது கூட்டின் நீளம், மி.மீ.யில்.
- 8×57 ஐ, 8×57 ஐஎஸ் இரண்டும் ஒன்றல்ல. ‘எஸ்’ குண்டு சுமார் 0.1 மி.மீ. கூடுதல் தடிமன். பழைய ‘ஐ’ குழலில் போட்டால் அழுத்தம் எகிறும்.
- சிதறுகுண்டின் ஆபத்து எல்லை: விட்டம் 3 மி.மீ. என்றால் 300 மீட்டர்.
- சுடும் பயிற்சிக்குப் போகும் காலையில் காபி வேண்டாம். எனக்குக் கை நடுங்கும்.

பாஸ் ஆனதும் உரிமம் தானாக வராது. பொறுப்புக் காப்பீடு எடுத்த சான்றைக் காட்டினால்தான் தருவார்கள். அதற்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.