மாமாவின் காலுறையும் மூன்று உம்மைகளும்

என் மாமனார் அமெரிக்கர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். கல்யாணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'மாமா' என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. அவர்கள் காதுக்கு அது 'அம்மா' என்பது போல விழுமாம். அவருடைய நண்பர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

1969இல் லாங் பின் முகாமில் லாரி ஓட்டினார். ஐம்பத்தெட்டாவது வயதில் சர்க்கரை வந்தது. அந்தக் காலத்தில் வியட்நாம் காடுகளில் இலையுதிர்க்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் கலந்திருந்தது. 2001இலிருந்து, வியட்நாம் மண்ணில் பணியாற்றியவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தால் அது பணியால் வந்ததாகவே வி.ஏ. எடுத்துக்கொள்கிறது. வி.ஏ. என்றால் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை. தெளித்த அந்த மருந்து என் மேல் பட்டது என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். அதனால் மாமாவுக்கு 20 சதவீத ஊனம் என்று சிக்கலில்லாமல் கிடைத்துவிட்டது. அந்தச் சதவீதத்தைப் பொறுத்துத்தான் மாதாமாதம் பணம் வரும். பல வருடம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேச வைத்தது இன்சுலின். மாத்திரை போதாமல் இரவில் ஊசி போட ஆரம்பித்ததும், அவருடைய காபிக் கடை நண்பர்கள் "ஊசி என்றால் 40 சதவீதம், மனு போடு" என்று கிளப்பிவிட்டார்கள். 2023 மே மாதம் சதவீதத்தைக் கூட்டச் சொல்லி மனு போட்டோம். போகிற போக்கில் 'கால் மரத்துப்போகிறது' என்றும் ஒரு வரி சேர்த்தோம். அக்டோபரில் கடிதம் வந்தது. 20 அப்படியே இருக்கும், காலுக்கு ஒன்றுமில்லை.

என் கணவருக்குக் கோபம். நான் கடிதத்தோடு விதியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீரிழிவுக்கு 40 சதவீதம் வேண்டுமென்றால் இன்சுலின் ஊசியும், உணவுக் கட்டுப்பாடும், கடினமான வேலைகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டுப்பாடும் வேண்டும். பள்ளியில் எண்ணும்மை என்று படித்தோமே, அதேதான். மூன்று 'உம்' இருக்கின்றன, ஒன்று குறைந்தாலும் 20தான். ஊசியும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும் என்றால் மாத்திரைக்குக் கிடைக்கும் அதே 20. அந்த மூன்றாவது 'உம்'முக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று 2007இல் கமாச்சோ என்ற வழக்கில் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "நானாகவே ஓடியாடுவதைக் குறைத்துக்கொண்டேன்" என்பது எடுபடாது. சர்க்கரை ஏறி இறங்குவதால் உடலை வருத்தாதே என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எந்தச் சர்க்கரை மருத்துவர் அப்படிச் சொல்வார்? மாமாவின் மருத்துவரிடம் என் கணவர் கேட்டே பார்த்தார். "தினம் அரை மணி நேரம் நட என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். எதிர்மாறாக எப்படி எழுதித் தருவேன்?" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது நியாயம். எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

காலுக்கு ஏன் கிடைக்கவில்லை? அதற்கும் மாமாதான் காரணம். ஜூலையில் நடந்த பரிசோதனைக்கு நானும் போயிருந்தேன். "காலில் ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டார்கள். "இல்லை மேடம், நன்றாக இருக்கிறேன்." முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ அணிவகுப்பில் நிற்பது போல. அறிக்கையில் அதுவே ஏறியது. வீட்டுக்கு வரும் வழியில் காரில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 11, படைவீரர் நாள். ஊர்வலத்தில் நடந்துவிட்டு மாலையில் வந்தார். இடது காலுறையில் ரத்தம். ஷூவைக் கவிழ்த்தால் காதுக்கருவியின் பேட்டரி விழுகிறது. காலையில் வீடு முழுக்க அவர் தேடிய அதே பேட்டரி! ஒரு பொட்டு அளவு. நாள் முழுவதும் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. நான் மருந்து போட்டேன். அவர் "பேட்டரி இன்னும் வேலை செய்யுமா?" என்றார்.

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுத உதவுபவர் ஒருவர் இருக்கிறார். பைசா வாங்க மாட்டார். முதல் மனுவைத் தயாரிக்கக் கட்டணம் வாங்குவதே சட்டத்துக்குப் புறம்பு, ஆனாலும் பணம் கேட்டு ஃபோன் செய்யும் ஆசாமிகளுக்குக் குறைவில்லை. அந்த உதவியாளர் மூன்று வழிகளைச் சொன்னார். அதே ஆதாரத்தை ஒரு மூத்த அதிகாரியிடம் மறுபடி பார்க்கச் சொல்லலாம். புது ஆதாரத்தோடு துணை மனு போடலாம். இல்லை, மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். என் கணவருக்கு மூத்த அதிகாரியிடம் போக ஆசை. "அங்கே ஒரு தாள் புதிதாகச் சேர்க்க முடியாது. 'நன்றாக இருக்கிறேன்' என்பதைத்தான் அவரும் படிப்பார்" என்றார் உதவியாளர்.

ஆகவே துணை மனு. 40ஐ அத்தோடு விட்டுவிட்டோம். நரம்புப் பரிசோதனை முடிவு, பாத மருத்துவரின் குறிப்புகள், அப்புறம் என் சாட்சிக் கடிதம். முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நாட்டுக்காக உழைத்தவர், சொல்லொணாத் துன்பம் என்றெல்லாம். உதவியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், தேதியோடு" என்றார். பேட்டரியை எழுதினேன். குளியல் தண்ணீரின் சூட்டைக் கையால் பார்க்கச் சொல்லி அவர் என்னைக் கூப்பிடுவதையும் எழுதினேன். பத்து வரிகூட இல்லை.

2024 பிப்ரவரியில் அனுப்பினோம். மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்கள். பட்டதும் சொல்ல வேண்டும். மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர்கள் முடித்தே விட்டிருந்தார்கள்.

ஜூனில் கடிதம். நீரிழிவின் விளைவாக வந்த நரம்புப் பாதிப்பு, ஒவ்வொரு காலுக்கும் 20 சதவீதம். பழைய 20ஐயும் சேர்த்தால் 60 என்று நினைத்தேன். இவர்கள் கணக்கு வேறு. முதல் 20 போக மீதமிருக்கும் 80இல்தான் அடுத்த 20 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள், அது 16, ஆக இரண்டு காலுக்கு 36. இரண்டு காலும் பாதித்ததால் அதில் பத்தில் ஒரு பங்கு கூடுதல், 40 என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு அதே முறையில் நீரிழிவின் 20 சேர்ந்தால் 52, பக்கத்துப் பத்துக்கு முழுதாக்கினால் 50. மனைவி மக்கள் கணக்கில்லாமல் தனி ஆளுக்கு, 2024இல் 20 சதவீதத்துக்கு மாதம் சுமார் 338 டாலர், 50 சதவீதத்துக்கு 1,075. மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் துணை மனு போட்டதால், 2023 மே மாதத்து முதல் மனுவின் தேதியே செல்லுபடியானது. நிலுவையும் சேர்த்து வந்தது.

கோப்பின் நகலில் என் கடிதத்தை மாமா படித்தார். "பேட்டரியை எழுதாமல் விட்டிருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இடது கால் என்று சரியாக எழுதியிருக்கிறாய்" என்றார்.

இப்போது வெளியே கிளம்பும்முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு என் பக்கம் நீட்டுகிறார். நான் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறேன்.