விழுங்கிய இரும்பு எங்கே போனது?

அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு பிடி பச்சரிசி வாய்க்குள் போய்விடும். முதலில் உலை வைக்கும்போது மட்டும்தான். அப்புறம் ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போக ஆரம்பித்தேன். 43 வயதில், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அரிசி மென்றுகொண்டிருந்தேன். மாமியார்தான் கண்டுபிடித்தார். "மாசமா இருக்கிறவ மாதிரி அரிசியத் தின்னுக்கிட்டிருக்க. உடம்புல ரத்தம் இருக்காது, போய்ப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். இரும்பைச் சேர்த்துவைக்கிற புரதமான ஃபெரிட்டின் 5. ஹீமோகுளோபின் உலையில் கொதிக்கிற அரிசி என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கிற நெல். என் குதிரில் தரை தெரிந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதையும், தலை வாரினால் முடி கொத்தாக வருவதையும் அதுவரை வயசுக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் 100 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினம் ஒன்று, மூன்று மாதம். ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். மலம் கறுத்தது, மலச்சிக்கல் படுத்தியது, வாயில் துரு வாடை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 7.8. இவ்வளவு அவஸ்தைக்கு வெறும் 0.4 புள்ளி.

வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் மாத்திரையை மாற்றவில்லை. "எப்போ சாப்பிடுறீங்க, எதோட சாப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுந்ததும் ஒரு கேஸ் மாத்திரை. இரண்டு வருடப் பழக்கம், யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்குவது. அரை மணி கழித்து ஃபில்டர் காபி, காபியோடு இரும்பு மாத்திரை. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கிவிடுவேன். "சாப்பிட்டதுல பாதிக்கு மேல சாக்கடைக்குத்தான் போயிருக்கும் டீச்சர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சத்துகள் சிறுகுடலில் குடலுறிஞ்சிகளால் உறிஞ்சப்படுகின்றன" என்ற ஒரே வரியை 16 வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வரியைத்தான் தோண்டிப் படித்தேன். "ஒரு சாண் வயிறு" என்கிறோமே, இரும்புக்கு நிஜமாகவே ஏறக்குறைய ஒரு சாண்தான். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் 25 சென்டிமீட்டர் நீளம். அங்கேயும் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலும் பிடித்தால் உண்டு, விட்டால் போயிற்று. காய்கறி, தானியங்களில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் வடிவம். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். குடல் செல்லின் விளிம்பில் உள்ள ஒரு நொதி அதை ஃபெர்ரஸ் என்ற இன்னொரு வடிவமாக மாற்றினால்தான் டிஎம்டி 1 என்ற புரதம் உள்ளே விடும். என் மாத்திரையில் இருந்தது ஏற்கெனவே ஃபெர்ரஸ்தான். ஆனால் அதுவும் அமிலம் குறைந்த இடத்தில் சுலபமாகக் கெட்டு ஃபெர்ரிக் ஆகிவிடும். நானோ முதல் வேலையாகக் கேஸ் மாத்திரை போட்டு அமிலத்தை அணைத்துவிட்டு, அதன்மேல் காபியை ஊற்றிக்கொண்டிருந்தேன். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பாலில் இருக்கிற கால்சியம் தன் பங்குக்கு மறிக்கும்.

சரி, செல்லுக்குள் போய்விட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. ரத்தம் இருக்கும் பக்கம் ஃபெர்ரோபோர்ட்டின் என்று ஒரு கதவு உண்டு. இரும்பு வெளியேற அந்த ஒரு வழிதான். வெளியே வந்ததும் ஹெஃபெஸ்டின் என்ற நொதி அதை மறுபடி ஃபெர்ரிக் ஆக்கும். அப்புறம்தான் ரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெர்ரின் என்ற புரதம் ஒரு தடவைக்கு இரண்டு அணுவாக ஏற்றிக்கொண்டு எலும்பு மஜ்ஜைக்குப் போகும். உள்ளே வர ஒரு மாற்றம், வெளியே போக அதற்கு நேர் எதிர் மாற்றம். தாலுகா ஆபீஸ் தோற்றது போங்கள்.

அந்தக் கதவுக்குச் சாவி கல்லீரலிடம் இருக்கிறது. ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அது சுரந்தால் ஃபெர்ரோபோர்ட்டின் சிதைக்கப்படும், கதவு அடைபடும். செல்லுக்குள் மாட்டிய இரும்பு ஃபெரிட்டினில் முடங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் அந்தச் செல் உதிரும்போது கூடவே மலத்தில் போய்விடும். இத்தனை கஞ்சத்தனத்துக்குக் காரணம் உண்டு. கூடுதல் இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழியே கிடையாது, அதனால் வாசலிலேயே அளந்து விடுகிறது. உடம்பில் மொத்தம் இருப்பது 3 முதல் 4 கிராம், குடல் வழியாக நாளொன்றுக்கு வருவது 1 முதல் 2 மில்லிகிராம். புது ரத்தம் ஊறத் தினமும் வேண்டிய 20 முதல் 25 மில்லிகிராமை, 120 நாள் ஓடி முடித்த பழைய சிவப்பணுக்களை உடைத்து உடம்பே எடுத்துக்கொள்கிறது. அந்த உடைப்பில் பெரும்பங்கு மண்ணீரலிலும் கல்லீரலிலும் நடக்கிறது. ஆட்டு மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்கிறோம். "ரத்தம் ஊறணும்னா சுவரொட்டி வாங்கிக் கொடு" என்று மாமியார் நச்சரித்தபோது சிரித்தேன். படித்த பிறகு நானே போய் வாங்கி வந்தேன். அதிலுள்ள ஹீம் இரும்பு, அதாவது ரத்தத்திலும் இறைச்சியிலும் இருக்கிற வகை, குடலுக்குள் நுழையும் வழியே வேறு, காபி அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. முருங்கைக்கீரை பெரிய ஏமாற்றம். இரும்பு இருக்கிறது, ஆனால் குடல் பிடித்துக்கொள்வது கொஞ்சம்தான். ருசிக்காகச் சாப்பிடுகிறேன்.

மறுநாள் இரண்டாகப் போட்டதும் வீண். 60 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஒரே வேளையில் போனால், இரும்பு குறைந்தவர்களுக்கும் ஹெப்சிடின் ஏறி ஒருநாள் வரை நிற்கும், அடுத்த வேளை மாத்திரை பாதி மூடிய கதவில் முட்டும். ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் சோதித்து 2015-இலும் 2017-இலும் வெளியிட்டது இது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உறிஞ்சும் பங்கு கூடியது. மருத்துவர் எனக்கும் அப்படியே எழுதினார். கேஸ் மாத்திரையை அவரே படிப்படியாக நிறுத்தினார். ஐந்தரைக்குக் காபி, ஏழு மணிக்கு மாத்திரை, கூடவே இரண்டு துண்டு ஆயக்குடிக் கொய்யா. வைட்டமின் சி இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். எட்டேகாலுக்கு இட்லி. காபியை விடச் சொல்வாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். 1983-இல் ஒரு சோதனையில், சாப்பாட்டுக்கு ஒருமணி நேரம் முன்னால் குடித்த காபி இரும்பு உறிஞ்சலைக் குறைக்கவில்லையாம், ஒருமணி நேரம் கழித்துக் குடித்ததோ சேர்த்துக் குடித்த அளவுக்கே குறைத்ததாம். டிபன் முடிந்ததும் குடிக்கிற இரண்டாவது டம்ளர்தான் போயிற்று. முதல் டம்ளர் பிழைத்தது.

இன்னொரு கேள்வியும் கேட்டார். முதல் கிளினிக்கில் யாரும் கேட்காதது, நானும் சொல்லாதது. "மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகுது?" எட்டு நாள். முதல் மூன்று நாள் பாடவேளைக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற ஓடுவேன். நல்ல ரத்தம் 2 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் தாண்டினாலே அதிகம் என்கிறார்கள். அதற்கே 40 மில்லிகிராம். குடல் மாசம் பூராவும் அரும்பாடுபட்டுச் சேர்ப்பதே 30 முதல் 60-தான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கத் தனியாக மாத்திரை தொடங்கினோம்.

ஆறு வாரத்தில் 9.6. நான்காவது மாதம் 12.1. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். ஃபெரிட்டின் இன்னும் 19-இல்தான் நிற்கிறது, குதிர் நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஓடட்டும் என்றார். கட்டிக்கு என்ன செய்வது என்று ஜூலையில் மறுபடி ஸ்கேன் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

பள்ளிக்கூடப் பையைச் சுத்தம் செய்யும்போது அந்த அரிசி டப்பா அடியில் கிடந்தது. கடைசியாக எப்போது திறந்தேன் என்று ஞாபகமே வரவில்லை. உள்ளே வண்டு வைத்திருந்தது.